ஆல்டோவின் முன் சில்லும் அக்கர்மான் என்ற புத்தக வியாபாரியும்



எமது ஆல்டோவின் முன் இடது டயர் உட்பக்கம் மட்டும் நூல் தெரியத் தேய்ந்துவிட்டது. போட்டு ஆறு மாதம்கூட இல்லை. இடையில் இரண்டு தடவை வீல் எலைன்மென்ட் பார்த்து, இலக்கங்கள் அச்சடித்த கடதாசியும் வாங்கி வந்திருந்தோம். இரண்டாம் தடவை "கேம்பரும் எடுத்தாச்சு சேர்" என்று சொல்லி மேலதிகமாகவும் வாங்கினார்கள். 2020 இல் இறக்குமதி நின்றபோது இருந்த சின்னக் காரைக் கட்டிக் காப்பதுதானே எம்மில் பலரின் பாடாக இருந்தது? அதனால் இந்த எலைன்மென்ட் என்றால் என்ன என்று தேடத் தொடங்கினோம். வரலாறு படிப்பித்தே பழகிவிட்டதால் தேடல் குதிரை வண்டியில் போய் நின்றது.

அந்தக் காலத்து வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஓர் ஆணியில் திரும்பும். சடுதியாகத் திருப்பினால் வண்டி ஒரு பக்கம் குடைசாயும். இங்கிலாந்தில் நோயாளிகளைப் பார்க்கக் கெட்ட பாதைகளில் ஓடித் திரிந்த வைத்தியர் எராஸ்மஸ் டார்வின், 1758 அளவில் இதற்கு ஒரு வழி கண்டார். அச்சு அசையாமல் இருக்கட்டும், இரண்டு சில்லும் தத்தம் முனையில் தனித்தனியே திரும்பட்டும் என்பதே அவரது யோசனை. (பரிணாமக் கொள்கை சொன்ன சார்ள்ஸ் டார்வினின் பாட்டனார் இவர்தான்.) அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1816 இல் மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் லாங்கென்ஸ்பெர்கர் அதே யோசனைக்கு வந்தார். அவருக்காக 1818 இல் லண்டனில் காப்புரிமை பதிந்தவர் ருடோல்ப் அக்கர்மான். படங்களும் புத்தகங்களும் அச்சிட்டு விற்றவர், வண்டி வடிவமைப்பும் தெரிந்தவர். இன்று உலகம் முழுவதும் பொறியியல் மாணவர்கள் படிப்பது "அக்கர்மான் ஸ்டியரிங்" என்றுதான். கண்டுபிடித்தவரை விடப் பதிந்தவரின் பெயர் நிலைப்பது வரலாற்றில் புதிதல்ல.

அந்த முறையின் உயிர் எது என்றால், வளைவில் உட்பக்கச் சில்லு வெளிப்பக்கச் சில்லை விடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்பது. விளையாட்டுப் போட்டி அணிநடையில் மூலை திரும்பும்போது உட்பக்கப் பிள்ளை நின்ற இடத்திலேயே சுற்றுவதையும், வெளிப்பக்கப் பிள்ளை எட்டி நடப்பதையும் பார்த்திருப்பீர்கள். இதைச் சரிக்கட்டுவது லேசான காரியமல்ல. கார்ல் பென்ஸ் 1886 இல் தன் முதல் காரை மூன்று சில்லில் செய்ததற்கு இதுவே காரணம். நான்கு சில்லுக்கு ஏற்ற ஸ்டியரிங்குக்கு 1893 இல்தான் அவர் காப்புரிமை பெற்றார். நம்ம ஓட்டோக்காரத் தம்பிமார் கவனிக்க: முன்னால் ஒரே சில்லு என்றால் இந்தத் தலையிடியே இல்லை.

கேம்பர் என்பது சில்லின் சாய்வு. அதுவும் குதிரை வண்டிச் சீதனம்தான். மரச்சில்லு தட்டையாக இருக்காது, ஆழமில்லாத தட்டுப் போலக் குழிந்திருக்கும். பாரத்தைத் தாங்கும் கீழ் ஆரக்கால் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்பதற்காக அச்சின் முனையைக் கீழ்நோக்கி வளைத்தார்கள். அதனால் சில்லின் தலை வெளியே சாய்ந்தது. சாய்ந்த சில்லு வெளிப்பக்கமாக உருண்டோடப் பார்க்கும். அதை அடக்க முன்பக்கத்தைச் சற்று உள்ளே திருப்பினார்கள். அந்தத் திருப்பம்தான் இன்றைய டோ. காஸ்டர் என்பது சைக்கிளின் முன் போர்க் சாய்ந்திருப்பது போன்ற ஒன்று, ஸ்டியரிங் தானாக நேருக்கு வர உதவுவது. அதோடு அதை விடுவோம்.

எமக்குப் பயன்பட்ட ஆள் இவர்களில் எவரும் இல்லை, ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு செவர்லே நிறுவனத்துக்காக ஒரு மலிவான சின்னக் கார் வரைந்தார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் போர்ட் நிறுவனத்துக்குப் போனார். ஸ்பிரிங்கையும் சொக் எப்சோபரையும் ஒரே தூணாக நிறுத்தும் அவரது முறை, 1950 இல் வெளிவந்த இங்கிலாந்து போர்ட் கொன்சலில் இருந்தது. இடம் மிச்சம், பாகங்கள் குறைவு, விலையும் குறைவு. பிறகு வந்த சின்னக் கார்களில் பெரும்பாலானவை அதே தூணில்தான் நிற்கின்றன, எமது ஆல்டோ உட்பட.

அந்த மலிவுக்குள்தான் விஷயம் இருக்கிறது. தூணின் மேல்முனை பொடியோடு பூட்டியது, கீழ்முனை லோவர் ஆமோடு பூட்டியது. கேம்பரும் காஸ்டரும் தொழிற்சாலையில் அமைந்தபடியே. திருப்ப ஒரு நட்டும் கிடையாது. பின் அச்சும் ஒரே துண்டு. பாஸின் கைக்கு எட்டுவது டை ரொட் ஒன்றுதான், அதைச் சுற்றினால் மாறுவது டோ மட்டும்தான். மெஷின் கேம்பரைக் காட்டுவது திருப்புவதற்கல்ல. இலக்கம் பிழைத்தால் எங்கோ ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது புஷ் செத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியிருக்க "கேம்பர் எடுத்தோம்" என்றால், ஜக் வைத்து எதையோ நெளித்திருக்கிறார்கள்.

டோவைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 12 அங்குல றிம்மின் விளிம்பில் முன்னுக்கும் பின்னுக்கும் 3 மில்லிமீற்றர் வித்தியாசம் என்று வைப்போம். ஒவ்வொரு டயரும் கிலோமீற்றருக்குச் சுமார் 5 மீற்றர் பக்கவாட்டில் இழுபடும். 10,000 கிலோமீற்றர் ஓடினால் 50 கிலோமீற்றர் உரசல். தடவிப் பார்த்தால் டயரின் கட்டைகள் ஒரு திசையில் வாள்பல் போல முட்டும், அது டோ. ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று போனால் பெரும்பாலும் கேம்பர். எங்களுடையது இரண்டாம் ரகம்.

கடைசியில் ஊரிலுள்ள ஒரு பழைய பாஸிடம் போனோம். மெஷின் இல்லாதவர். டயரில் சோக்கால் கோடு போட்டு, முன்னால் அளந்து, காரை அரைச்சுற்று உருட்டி, அதே கோட்டைப் பின்னால் அளந்தார். டோ சரி. பிறகு படுத்துக் கீழே பார்த்து, இடது லோவர் ஆமைக் கையால் தட்டிக் காட்டினார். வளைந்திருந்தது. மழைக்காலத்தில் ஒரு குழியில் விழுந்தோமே, அந்த நாள் ஞாபகம் வந்தது. பஞ்சிகாவத்தையில் பழைய ஆம் ஒன்று வாங்கிப் பூட்டி, அதன் பிறகு டோ மட்டும் மறுபடி வைத்தார். டயர்தான் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.