சுவைப்புக் குறிப்பும் வரலாற்றுச் சான்றும்: பிரித்தானிய பீர், சைடர் குறித்து ஒரு நோக்கு

மதுவின் வரலாற்றை எழுத முற்படுவோர் வரிக்கணக்கு, சட்டம், மதுவிலக்குப் பரப்புரை ஆகிய மூன்றையே பெரும்பாலும் சான்றாகக் கொள்வர். அருந்தியவர் அதன் சுவையைப் பற்றி என்ன கூறினார் என்பது அவற்றுள் அரிதாகவே இடம்பெறும். எளிய மக்களின் சுவைப்புக் குறிப்பு வரலாற்றுச் சான்றாகுமா என்னும் வினாவைப் பிரித்தானிய பீரையும் சைடரையும் கொண்டு இங்கு ஆராய்வோம்.

ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துப் பெறப்படும் சைடர், ஹெரிபர்ட்ஷயர், சாமர்செட் முதலிய வட்டாரங்களில் பண்ணைத் தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதியாக நெடுங்காலம் வழங்கப்பட்டது. 1887ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. கூலியாக வரும் பானத்தைக் குடிப்பவர் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வுரிமை இல்லாதவரின் மதிப்பீட்டை எவரும் எழுதிவைப்பதும் இல்லை.

1960களில் பீரும் ஏறத்தாழ இந்நிலையை எய்தியது. ஆறு பெரு நிறுவனங்கள் சந்தையில் மேலோங்கின. பீப்பாயிலேயே நொதித்து முதிரும் மரபு பீருக்கு மாற்றாக, வடிகட்டிச் சூடாக்கிக் கரியமில வாயு ஏற்றிய பீர் மதுக்கடைகளில் பரவியது. 1971இல் மைக்கேல் ஹார்ட்மன், கிரஹாம் லீஸ், ஜிம் மேக்கின், பில் மெல்லர் ஆகிய நால்வர் தொடங்கிய 'காம்ரா' இயக்கம் இப்போக்கை எதிர்த்தது. உறுப்பினர்கள் மதுக்கடைதோறும் சென்று அருந்தி எழுதிய மதிப்பீடுகள் 1974இல் 'நல்ல பீர்க் கையேடு' என்னும் நூலாக வெளிவந்தன. அதில் பெரு நிறுவனம் ஒன்றைப் பற்றிய கடுஞ்சொல், அவதூறு வழக்கு நேருமோ என்னும் அச்சத்தால் மென்மையாக்கப்பட்டது. குடிப்பவரின் சொல்லுக்கு எடை ஏற்பட்டமைக்கு இவ்வச்சமே சான்று எனலாம். அப்பத்தாண்டு முடிவதற்குள் பெரு நிறுவனங்கள் சிலவும் மரபு பீரை மீண்டும் விற்கத் தொடங்கின. 1977இல் மைக்கேல் ஜாக்சன் என்னும் இதழாளர் எழுதிய உலக பீர்க் கையேடு, பீர்களை வகைப்படுத்திப் பேசுதற்குரிய சொற்களைப் பொதுவாசகர்க்கு வழங்கியது.

இக்குறிப்புகளுக்குக் குறைகளும் உண்டு. ஒருவரின் மனநிலையும் உடனிருந்தோரின் பேச்சும் சுவையை மாற்றக்கூடும். மேலும், எழுதுவோர் ஓய்வும் எழுத்தறிவும் வாய்த்தவரே. எனவே தனிக்குறிப்பு வலுவற்றது. பலர் பல ஆண்டுகளில் எழுதியவை ஒத்துநோக்கப்படும்போதே அது சான்றாகிறது.

இவ்வினா நமக்கு அயலானதன்று. மலாயாத் தோட்டப்புறங்களிலும் தொழிலாளர் வாழ்வோடு கள் பிணைந்திருந்தது. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் ஒன்றாகும். கள் விளைத்த கேட்டை நாம் மறுக்கவில்லை. ஆயினும் காலையில் இனித்த தென்னங்கள் மாலையில் புளித்ததை அறிந்த நாவும் வரலாற்றின் பகுதியே. அத்தலைமுறையினர் அருகி வருகின்றனர். வாய்மொழி வரலாறு திரட்டும் நம் மாணவர், எவ்வளவு குடித்தீர்கள் என்று வினவுவதோடு அமையாது, எவ்வாறு இருந்தது என்றும் வினவுவாராக.