எத்தனை பேரை ஏற்கலாம்? சுற்றுலாக் கல்வியில் முடிவெடுப்புக் கணிதத்தின் இடம்

முன்னுரை

ஒரு நகரம் ஒரு நாளில் எத்தனை சுற்றுலாப் பயணிகளைத் தாங்கும்? சுற்றுலா மேலாண்மை வகுப்புகளில் ‘தாங்குதிறன்’ என்ற தலைப்பின் கீழ் இதற்கு ஒரு வரையறை சொல்லப்படுகிறது. பெரும்பாலும் பாடம் அத்துடன் முடிகிறது. அந்த எண்ணை எப்படிக் கணிப்பது, யாருடைய நலனுக்காகக் கணிப்பது என்பவை பேசப்படுவதில்லை. முடிவெடுப்புக்குத் துணைபுரியும் கணித மாதிரிகளைச் சுற்றுலா மாணவர்கள் கையால் போட்டுப் பழக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படிப் பழகியவருக்குத்தான் ஒரு மாதிரியில் எந்த எல்லை சேர்க்கப்பட்டது, எது விடுபட்டது என்று கேட்கத் தெரியும்.

வெனிஸ் மாதிரி

எலியோ கனெஸ்ட்ரெல்லி, பாவ்லோ கோஸ்டா இருவரும் வெனிஸ் நகரின் தாங்குதிறனைக் கணித்து 1991-இல் ‘அனல்ஸ் ஆஃப் டூரிசம் ரிசர்ச்’ ஆய்விதழில் வெளியிட்டனர். நேரியல் திட்டமிடல் அவர்களுடைய கருவி. தங்கிச் செல்வோர், பகலில் வந்து திரும்புவோர் எனப் பயணிகளைப் பிரித்தார்கள். விடுதிப் படுக்கை, உணவகம், வாகன நிறுத்தம், போக்குவரத்து, குப்பை அகற்றல், புனித மாற்கு பேராலயத்தின் கொள்ளளவு ஆகியவற்றை எல்லைகளாக வைத்து, அவற்றுக்குள் வருவாய் உச்சம் பெறும் பயணியர் கலவையைத் தேடினார்கள். 25,000 பேர்வரை நலம், ஒருவர் கூடினால் கேடு என்று எந்த நகரமும் இயங்குவதில்லை. ஆகவே லோத்ஃபி ஸாதே 1965-இல் வகுத்த ஃபஸ்ஸி கணக் கோட்பாட்டைக் கொண்டு, எல்லைகள் படிப்படியாக நெகிழ இடம் தந்தார்கள்.

ஒரு வகுப்பறைக் கணக்கு

இம்முறையின் பயனை ஒரு கற்பனை நகரத்தின் எண்களால் காட்டலாம். தங்குபவர் ஒருவரால் 4 அலகும் பகற்பயணி ஒருவரால் 1 அலகும் வருவாய் கிடைக்கிறது. படுக்கைகள் 10,000. படகுகளும் பேருந்துகளும் நாளுக்கு 25,000 பேரை ஏற்றும். தங்குபவர் 2 கிலோ, பகற்பயணி 1 கிலோ குப்பை சேர்க்கிறார்கள். நகராட்சியால் அகற்ற முடிந்தது 30,000 கிலோ. கணக்கைத் தீர்த்தால் 10,000 தங்குபவர்கள், 10,000 பகற்பயணிகள், 50,000 அலகு வருவாய் என்பது உச்ச விடை.

விடையைவிட அதைச் சுற்றியுள்ள செய்திகள் முக்கியமானவை. வந்தவர் 20,000 பேர். போக்குவரத்தில் 5,000 பேருக்கு இடம் மிச்சம். எனவே புதிய படகு விடுவதால் ஓர் அலகு வருவாயும் கூடாது. குப்பை அகற்றும் திறனை 1 கிலோ கூட்டினால் 1 அலகு கூடும். ஒரு படுக்கையைக் கூட்டினால் 4 அலகு கூடும் என்று தோன்றும். ஆனால் அதில் தங்குபவரின் 2 கிலோ குப்பைக்காக இரண்டு பகற்பயணிகளைக் குறைக்க வேண்டியிருப்பதால் நிகர ஆதாயம் 2 அலகுதான். எல்லையை ஓர் அலகு தளர்த்தினால் கிடைக்கும் இந்த ஆதாயத்தைக் கணிதவியலார் நிழல் விலை என்பர். எந்தத் திட்டத்துக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்ற நிர்வாகக் கேள்விக்கு இதுவே நேரான வழிகாட்டி.

விடுபட்ட எல்லை

படுக்கைக்கு நிழல் விலை இருக்கும்வரை இக்கணக்கு ‘படுக்கையைக் கூட்டு’ என்றே சொல்லும். கூடும் படுக்கை, குடியிருந்த வீடு ஒன்று விடுதியானதால் வந்ததா என்பதை அது அறியாது. நாம் எழுதிய எல்லைகளில் குடியிருப்போர் இல்லை. வெனிஸின் பழைய தீவு நகரில் 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கியது. இச்சரிவுக்குச் சுற்றுலா மட்டும் காரணம் அன்று. ஆயினும் குடியிருப்பை ஓர் எல்லையாக எழுதாத எந்த மாதிரியும் அந்நகரத்துக்குப் பொருந்தாது.

வெனிஸின் நுழைவுக் கட்டணத்தையும் இவ்வாறே ஆராயலாம். 2024-இல் 29 நாள்களுக்குப் பகற்பயணிகளிடம் 5 யூரோ வாங்கப்பட்டது. 2025-இல் நாள்கள் 54 ஆயின, தாமதமாகப் பதிவோருக்குக் கட்டணம் 10 யூரோ ஆனது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. ஆகவே இந்த விலை நெரிசலின் உண்மையான செலவுக்கு ஈடாகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

உதகைக்குப் பொருத்திப் பார்த்தால்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி உதகை, கொடைக்கானல் செல்ல 2024 மே மாதம் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் உதகைக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. வாகனத்தை எண்ணும் வரம்பு சாலை நெரிசலை நேராகத் தொடும். குடிநீர், கழிவு, உள்ளூர் வாடகை ஆகியவற்றை மறைமுகமாகவே தொடும். இவற்றில் எது முதலில் நிரம்புகிறது என்று தெரியாமல் சரியான எண்ணைச் சொல்ல இயலாது.

முடிவுரை

சுற்றுலாப் பட்டப்படிப்பில் நேரியல் திட்டமிடல் கட்டாயப் பாடமாக வேண்டும். மாணவர்கள் தம் ஊருக்கு அருகிலுள்ள ஒரு தலத்தின் எல்லைகளைத் தாமே அளந்து கணக்குப் போட வேண்டும். அந்த எல்லைப் பட்டியலை உள்ளூர் மக்களிடம் காட்டி, விடுபட்டதைச் சேர்த்த பிறகே மதிப்பெண் வழங்க வேண்டும். பாடத்திட்டக் குழுக்கள் இதை அடுத்த திருத்தத்திலேயே செய்ய முன்வர வேண்டும்.