கடைக்கணக்கும் நோட்டுக்கணக்கும்

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு சாரார் 35 என்று எழுதுவார்கள். தொடக்கப்பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு இது பழகிய விடை. 2இல் 7 போகாது. ஆகவே 7இல் 2 போக 5. அடுத்து, 5இல் 2 போக 3. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிடலாம். ஆனால் பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதை எடு என்று ஓரிலக்கக் கழித்தலில் கற்ற விதியை இரண்டு வரிசையிலும் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் சேர்ந்த ஓர் அளவு என்பதுதான் அதன் மனத்தில் பதியவில்லை.

இதே கணக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் நாள்தோறும் நடக்கிறது. 27 ரூபாய்ச் சாமானுக்கு 50 ரூபாய் நோட்டை நீட்டினால், “ரெண்டு ரூபா சில்லறை இருக்கா?” என்று கடைக்காரர் கேட்பார். கொடுத்ததும் 25 ரூபாய் திரும்ப வரும். அங்கே கடன் வாங்கலும் இல்லை, பத்தை உடைத்தலும் இல்லை. இரண்டு பக்கமும் இரண்டைக் குறைத்ததும் 52–27 என்பது 50–25 ஆகிவிட்டது. சிறந்த கணித ஆசிரியர் சொல்லித்தரும் உத்தி இதுதான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்து நிற்கும் பிள்ளைதான் மறுநாள் வகுப்பில் 35 என்று எழுதுகிறது.

இந்த இரண்டு கணக்கும் தாமாக ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 1985இல் வெளியான ஆய்வுக்காகப் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து சிறாரை டெரெசின்யா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமான் மூவரும் ஆராய்ந்தனர். விற்கும் இடத்தில் கேட்ட கேள்விகளில் 98.2 விழுக்காட்டுக்குச் சரியான விடை வந்தது. அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது அது 36.8 விழுக்காடாக விழுந்தது. தேங்காய் ஒன்று 35 க்ருசெய்ரோ, பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு சிறுவன் பூச்சியம் சேர்க்கும் வழியை நாடவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் மூன்றுக்கு 315, கடைசி ஒன்றோடு 350 என்று கூட்டிக்கொண்டே போனான். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதையே பெரிய அளவில் உறுதிசெய்தது. டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலைசெய்யும் 1,436 சிறாரும் பள்ளி செல்லும் 471 பிள்ளைகளும் அதில் இடம்பெற்றனர். சந்தைச் சிறார் பாடநூல் வடிவக் கணக்கில் தடுமாறினர். பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

இதை வைத்துத் ‘தொழிலே சிறந்த பள்ளி’ என்று யாரேனும் வாதிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் அந்த வாதம் செல்லாது. சிவகாசி, சாத்தூர்த் தீப்பெட்டித் தொழிலில் பிஞ்சுக் கைகள் உழைத்த கதை நாடறிந்தது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதலில் கால்பதித்த இடங்களில் சிவகாசியும் ஒன்று. பிள்ளை இருக்க வேண்டிய இடம் வகுப்பறைதான். கடைத்தெருவின் அறிவைத்தான் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும்.

தமிழகத்துக்கு இது புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்த பிள்ளை முந்திரி, காணி, மா, கால், அரை என்று ஊரில் புழங்கிய அளவைகளையே ஓதியது. நெல்லளவையும் நில அளவையும் அந்தப் பாடத்துக்குள் இருந்தன. அந்தக் கதவு எல்லாச் சாதிக்கும், பெண்பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பின்வந்த பொதுக்கல்வி கதவை அகலத் திறந்தது, ஆனால் அளவைகளை வெளியே விட்டுவிட்டது. 2007–08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் ஏணிப்படிகளையும் கொண்டு பிள்ளையை அதனதன் வேகத்தில் நடக்கவிட்டது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடக்கிறது.

நிலை பிரிப்பது நல்ல தொடக்கம். ஆனால் சரியான விடைகளை மட்டும் எண்ணி நிலையை முடிவுசெய்தால், 35 என்று எழுதிய பிள்ளையும் விடையே எழுதாத பிள்ளையும் ஒரே கட்டத்தில் உட்கார நேரிடும். முதல் பிள்ளைக்கு ஒரு விதி தெரியும், இடமதிப்புதான் தெரியாது. இரண்டாவது பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதையே இனிமேல்தான் கண்டறிய வேண்டும். இருவருக்கும் ஒரே பயிற்சித்தாள் பயன்படாது. “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டு, பிள்ளை சொன்ன வழியை அப்படியே கரும்பலகையில் எழுதுவதற்கு இரண்டு நிமிடம் போதும். வாய்க்கணக்கு எழுத்துக்கணக்காக மாறுவது அங்கேதான்.

பின்னத்தைப் பாருங்கள். 2ஐவிட 4 பெரியது, எனவே அரையைவிடக் கால் பெரியது என்று மூன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் நம்புகின்றன. வட்டத்துக்கு வண்ணம் தீட்டவைப்பதால் இந்த நம்பிக்கை எளிதில் போவதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா கால் கிலோ, அரை கிலோ என்று அட்டைப்பெட்டிகளில் விற்கிறது. காலிப் பெட்டிகளை வகுப்புக்குக் கொண்டுவந்து மணல் நிரப்பி, இரண்டு கால் கிலோப் பெட்டிகளை ஒரு தட்டிலும் ஓர் அரை கிலோவை இன்னொரு தட்டிலும் வைத்துத் தராசு நிமிர்வதைப் பிள்ளையே பார்க்க வேண்டும். 1/4 என்ற குறியீடு அதற்குப் பிறகு வரட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி, ராஜபாளையத்தில் நீள அளவைக்கு வேறு பொருள் கிடைக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் மருத்துவப் பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. ஒரே சுருளை இரண்டு குழுக்களிடம் கொடுத்து வகுப்பறையின் நீளத்தை அளக்கச் சொன்னால் விடை ஒத்துப்போகாது. ஒரு குழு இழுத்துப் பிடித்திருக்கும், மற்றது தளரவிட்டிருக்கும். யார் சரி என்ற சண்டை எழும். அந்தச் சண்டையின் நடுவே ஆசிரியர் மீட்டர் அளவுகோலை எடுத்து வைத்தால், மாறாத அலகு எதற்கு என்று விளக்க வேண்டியிருக்காது. ‘100 செ.மீ. = 1 மீ.’ என்று பத்து முறை எழுதவைக்கும் பாடம் இந்த இடத்துக்கு வருவதேயில்லை.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்ற மாவட்டம் விருதுநகர். 2018இல் நடுவண் அரசு தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழகத்திலிருந்து ராமநாதபுரத்தோடு இடம்பெற்றதும் இதே விருதுநகர்தான். பொதுத்தேர்வுக்கு ஊரே காட்டும் அக்கறையில் பாதியாவது இரண்டாம் வகுப்புக் கழித்தலுக்குக் கிடைக்க வேண்டும்.

ஆசிரியர்களின் நேரத்தைச் செயலிகளில் பதிவேற்றும் வேலை தின்கிறது என்ற முறையீடு நியாயமானது. அதில் ஒரு பகுதியைக் குறைத்து, ஆசிரியர்கள் கூடும் குறுவள மையங்களில் பிள்ளைகளின் தவறான விடைகளை மேசையில் பரப்பி, எந்த எண்ணத்திலிருந்து எந்தத் தவறு பிறந்தது என்று பேசலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களின் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெரும்பாலானோர் பெற்றோர்கள்தாம். அவர்களிலும் அவர்களின் அக்கம்பக்கத்திலும் மளிகைக் கடைக்காரரும், தறி ஓட்டுபவரும், பால்கோவா கிண்டுபவரும் உண்டு. மாதம் ஒருமுறை அவர்களில் ஒருவர் வகுப்புக்கு வந்து, தன் கணக்கைத் தான் போடும் விதத்திலேயே பிள்ளைகள் முன் போட்டுக்காட்டலாம். அதை ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே வருவார். இதற்குத் தனி நிதி வேண்டாம், தலைமையாசிரியரின் சம்மதம் போதும்.