கத்தோலிக்கக் கல்லூரிகளில் உளவியல், உளவள ஆலோசனைக் கல்வி (அமெரிக்கா)

அமெரிக்கக் கத்தோலிக்க உயர்கல்வியில் உளவியலுக்கு வித்திட்டவர் எட்வர்ட் பேஸ் (1861–1938) என்ற குரு. லைப்சிக் நகரில் உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்ட்டிடம் பயின்று 1891இல் முனைவர் பட்டம் பெற்ற இவர், வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஆன்மாவை ஏற்கும் சமயத்தவர் மனத்தை ஆய்வுக்கருவியால் அளக்கலாமா என்ற ஐயம் பரவலாக இருந்த காலம் அது. பேஸின் துணிவு சாதாரணமானதல்ல. அவருடைய மாணவர் தாமஸ் வெர்னர் மூர், குருவாக இருந்துகொண்டே மருத்துவமும் படித்து, 1916இல் பிராவிடன்ஸ் மருத்துவமனையில் மனநலச் சிகிச்சையகம் தொடங்கினார்.

இன்று கத்தோலிக்கக் கல்லூரிகளில் உளவியலை முதன்மைப் பாடமாக எடுப்போர் புள்ளியியல், ஆய்வு முறை, வளர்ச்சி உளவியல் ஆகியவற்றோடு மெய்யியலும் இறையியலும் படிப்பது வழக்கம். மாணவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை.

ஆலோசனைப் பயிற்சி வேறு வகை. இருவர் எதிரெதிரே அமர்வர். ஒருவர் பேசுவார், மற்றவர் அறிவுரை சொல்லாமல், கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்வார். உடனே தீர்வு சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்குவதே கடினமான பாடம். கேட்டதை இரகசியமாகக் காப்பதும் ஒரு பாடம். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்துக்கு விலக்கே இல்லை. ஆலோசகரின் இரகசியக் காப்புக்கோ உண்டு. குழந்தை வதை தெரியவந்தால் அவர் அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை மாணவர் தெளிவாக அறிந்திருப்பது மிக அவசியம்.

இளங்கலைப் பட்டம் மட்டும் ஆலோசகர் உரிமம் தராது. முதுகலையும் மேற்பார்வையுடன் கூடிய பணிப்பயிற்சியும் தேவை.