கோட்டை இடிந்தது, திருநாள் நின்றது

பாஞ்சாலங்குறிச்சிக்கு ஆண்டில் மூன்று பெருநாள்கள். ஜனவரி 3, இந்த ஊர்ப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனின் பிறந்தநாள். அக்டோபர் 16, கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்ட நாள். இவை இரண்டும் தேதி மாறாதவை. மூன்றாவது, சித்திரை வெயிலில், மே மாதத்து வெள்ளியும் சனியுமாக வரும் வீரசக்கதேவி ஆலயத் திருவிழா. அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் மூன்றுமே கிடையாது. ஆனால், இந்த ஊர் இன்று பேரோடும் புகழோடும் இருப்பதற்கு இந்த நாள்களே காரணம்.

அழிக்க வந்த ஆணை

1799 செப்டம்பர் 5 அன்று ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மேனின் படை கோட்டையைத் தாக்கியது. வெளியேறிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்கள் பார்த்திருக்க, தண்டனை நிறைவேறியது. கோட்டையும் இடிக்கப்பட்டது.

1801 பிப்ரவரி 2-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் உடனிருந்தவர்களும் தப்பினார்கள். சில நாள்களிலேயே அதே இடத்தில் கோட்டை மறுபடி எழுந்தது. சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், முழுக்க முழுக்க மண், சுற்றிலும் முள்வேலி. மார்ச் மாதம் மேஜர் மெக்காலேயின் படை மோதிப் பார்த்துப் பலத்த இழப்போடு பின்வாங்கியது. கர்னல் அக்னியூ கூடுதல் படையோடும் பீரங்கிகளோடும் வந்த பிறகுதான், மே 24-ல் கோட்டை விழுந்தது. இம்முறை தரைமட்டமாக்கியதோடு கும்பினியார் நிற்கவில்லை. கோட்டை இருந்த நிலத்தை ஏர்பூட்டி உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊரின் பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கவும் உத்தரவாயிற்று.

சுவரில்லாத ஊரின் நினைவு

சுவர் போனபின் நினைவு எங்கே தங்கும்? ஒன்று, தெய்வத்திடம் தங்கியது. சக்கம்மா என்று சனங்கள் வாய்நிறைய அழைக்கும் வீரசக்கதேவி, கட்டபொம்மன் குலத்தின் வழிபடுதெய்வம். இன்னொன்று, பாட்டில் தங்கியது. கட்டபொம்மு கதைப்பாடலை ஊர் ஊராகப் பாடியவர்களும் விடிய விடியக் கூத்துக் கட்டியவர்களும் அந்தப் பெயரை மறக்கவிடவில்லை. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிடும்வரை, பாட்டுக்குக் காவல் பெரும்பாலும் பாடியவர்களின் தொண்டைதான்.

இதற்கிடையே அறிஞர்களும் வந்தார்கள். ஜெகவீர பாண்டியனார் ‘பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திர’த்தை எழுதினார். ம.பொ.சி. மேடைதோறும் கட்டபொம்மனைப் பேசினார். 1959-ல் திரைப்படம் வந்தது. கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் கயத்தாற்றில் தம் செலவில் நிலம் வாங்கிச் சிலையும் எழுப்பினார். 1974-ல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டையைக் கட்டியது. பெயரை நீக்கச் சொன்ன இடத்தில், இன்று சுவர் ஓவியங்களில் முழு வரலாறும் விரிகிறது.

சித்திரையின் பொருத்தம்

மூன்று நாள்களில் சனம் திரளும் நாள் எது என்று கேட்டால், கரிசல்காட்டு விவசாயி யோசிக்காமல் சித்திரைத் திருவிழாவைச் சொல்வார். அதற்கு மண்ணே காரணம். இது மானாவாரிச் சீமை. புரட்டாசி, ஐப்பசியில் உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி என்று விதைப்பு. அக்டோபர் 16 அந்த நெருக்கடிக்குள் விழுகிறது. மழையைப் பார்த்து விதைக்கிறவர் அன்று காட்டைவிட்டு நகர முடியாது. ஜனவரி 3-ல் பயிர் காட்டில் நிற்கும். தையும் மாசியும் அறுவடையோடு போகும். சித்திரையில்தான் காடு வெறிச்சோடி, கை வைக்குமளவுக்குக் கரிசல் வெடித்துக் கிடக்கும். வீட்டில் தானியம் இருக்கும். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களும் திரும்பி வருவார்கள். பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் ஜோதி ஏந்தி ஓடிவந்து சக்கதேவி சந்நிதியில் சேர்ப்பது அப்போதுதான். அரசு விழாவுக்குத் தேதி உண்டு. மக்கள் விழாவுக்குப் பருவம் உண்டு.

உலகத்து நாள்களோடு

பிரான்சின் தேசிய நாள் ஜூலை 14. பாரிசின் பாஸ்டில் கோட்டைச் சிறையை மக்கள் தாக்கியது 1789-ல்; அந்த நாள் தேசிய நாளானது 1880-ல். அந்தக் கோட்டையும் இன்று இல்லை, நாள்தான் இருக்கிறது. அங்கே மக்கள் வென்று இடித்தார்கள், இங்கே வென்றவர்கள் இடித்தார்கள் என்பதே வேறுபாடு. பிலிப்பைன்சில் ஹொசே ரிசாலை ஸ்பானியர் சுட்டுக்கொன்ற டிசம்பர் 30-ஐ நாடே நினைவுகூர்கிறது. கொன்றவர் குறித்த தேதியைக் கொல்லப்பட்டவரின் புகழ்நாளாக மாற்றுவது, அடிமைப்பட்ட நாடுகள் பலவும் செய்த காரியம். நம் அக்டோபர் 16-ம் அந்த வரிசையில் நிற்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை

செப்டம்பர் 5 என்றால் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தினம். பக்கத்து ஊரான ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் வ.உ.சி. பிறந்ததும் அதே தேதி. பானர்மேன் படை கோட்டையைத் தாக்கியதும் அதே தேதிதான். வட்டாரப் பள்ளிகள் இம்மூன்றையும் ஒரே மேடையில் சொல்லித்தர வேண்டும். மறு கோட்டை விழுந்த மே 24-ஐயும் விட்டுவிடக் கூடாது. ஊமைத்துரை, கட்டபொம்மனின் தளபதிகளான வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம் பெயர்கள் நமக்குத் தெரியும். மண்சுவருக்குப் பின்னால் நின்று மாண்ட, பெயர் பதியாத பல சாதி உழவர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் அந்த நாளில் மாலை சாத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சித்திரைத் திருவிழாவின் ஓரிரவைக் கதைப்பாடலுக்கென்றே ஒதுக்குவோம். பாடத் தெரிந்த முதியவர்களை வரவழைத்து, முழுக்கதையையும் பாடச்செய்து, ஒலியும் ஒளியுமாகப் பதிந்து நினைவுக் கோட்டையில் வைப்போம். கோட்டை இல்லாத நூற்று எழுபது ஆண்டுகளும் ஊரைக் காத்தவர்கள் அவர்களின் முன்னோர். அவர்களுக்கு விழா எடுக்காமல் பாஞ்சாலங்குறிச்சியின் திருநாள் நிறைவு பெறாது.