ஐந்து சுரங்கள், ஆயிரம் குரல்கள்

எல்லாரும் பாடக்கூடிய இசை எது? மேடைக்கு எதிரே அமர்ந்து தலையாட்டுவதற்கு மட்டுமே மக்கள் பிறந்தனரா? தமிழ்ப் பாட்டுக்குத் தமிழ்நாட்டு மேடைகளில் இடம் வேண்டி 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்ற வேண்டியிருந்த நாட்டில், இது வரலாறு எழுப்பிய கேள்வி. விடை தந்தோருள் ஒருவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன்.

1928-இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தவர். 1952-இல் கலைவாணர் இயக்கிய 'பணம்' படத்தில் டி.கே. இராமமூர்த்தியோடு இணைந்து இசையமைத்தார். 1965-இல் இருவரும் பிரிந்தனர். அதன்பின் தனித்து நின்றும் தரணி ஆண்டார். 2015-இல் அவர் மறைந்தார், பாட்டு மறையவில்லை. ஏன்? மெட்டு சொல்லை விழுங்க அவர் விடவில்லை. கேட்டவன் பாடினான், பாடியவன் மறக்கவில்லை!

இதற்குச் சான்று திரைக்கு வெளியே இருக்கிறது. ஆலப்புழையில் பிறந்த பேராசிரியர் சுந்தரனார் 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் தமிழ் வாழ்த்தை, 1970-இல் கலைஞர் அரசு விழாக்களின் தொடக்கப் பாடலாக்கினார். மெட்டமைத்தவர் விசுவநாதன். அவர் தேர்ந்தது மோகனம்; பழந்தமிழ்ப் பெயரால் முல்லைப்பண். ஐந்தே சுரங்கள்! பயிலாத தொண்டைக்கும் எட்டும் எளிமை. ஆயினும் பெருமிதம் குன்றாத நடை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த பள்ளிகளில் அந்த எளிமையின் ஆற்றலைக் காண்கிறோம். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்தோரின் பிள்ளை, தமிழ் வீட்டுப் பிள்ளை. மூவரும் ஒரே வரிசையில். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் மெட்டு தெரிந்துவிடுகிறது. மெட்டின் கைபிடித்துச் சொல் பின்னால் வருகிறது. சாதி கேட்காத பாட்டு, சமயம் கேட்காத பாட்டு, பிறந்த ஊரும் கேட்பதில்லை!

2021-இல் தமிழ்நாடு அரசு இதனை மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 நொடிகளில், இசைத்தட்டைத் தவிர்த்து, வாய்ப்பாட்டாகப் பாடுக என்றது ஆணை. ஆனால் விழா மேடைகளிலே என்ன காண்கிறோம்? ஒலிபெருக்கி பாடுகிறது, கூட்டம் ஊமையாக நிற்கிறது! மக்கள் வாய்க்கென்று அமைந்த மெட்டை மீண்டும் கேட்பதற்கு மட்டுமே உரியதாக்குவதா?

தோழர்களே! கலைஞனுக்குச் சிலை எழுப்புவது எளிது. அவன் தந்த குரலை நாம் எழுப்புவதே நன்றி. இயந்திரத்தை நிறுத்துங்கள், பாடுங்கள்!