கல்லில் வெட்டிய கணக்கும் கல்லூரிக் கணக்கும்

ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தில் திருமலை என்னும் சமணக் குன்று ஒன்று உள்ளது. முதலாம் இராசராசனின் தமக்கையாரான குந்தவைப் பிராட்டியாரின் பெயர் தாங்கிய ஜினாலயம் அங்கே விளங்குகிறது. முதலாம் இராசேந்திரனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டில், கி.பி. 1025ஐ ஒட்டி வெட்டப்பெற்ற கல்வெட்டு ஒன்று அக்குன்றுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. கங்கை வரை சென்ற சோழர் படையின் வெற்றிகளை அது வரிசைப்படுத்திக் கூறுகிறது.

வணிகவியல் பயிற்றும் தொழிலைச் சேர்ந்த நான், அக்கல்வெட்டின் முற்பகுதியைவிடப் பிற்பகுதியையே பெரிதாக மதிக்கிறேன். பெரும்பாணப்பாடியில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, அக்கோயிலில் நந்தா விளக்கு எரியவும் திருவமுது படைக்கவும் காசு வைத்தாள் என்பதே அப்பகுதி தரும் செய்தி. கல்வெட்டு வெட்டப்பெற்றதும் இதற்காகவே. அரசனின் வெற்றிகள் அதற்கு முன்னுரையாக நிற்கின்றன.

நந்தா விளக்கு என்றால் அணையாத விளக்கு. வைத்த காசைச் செலவழித்துவிட்டால் விளக்கு ஒருநாள் அணைந்துவிடும். ஆகவே முதல் குறையாமல், பலிசை என வழங்கிய வட்டியிலிருந்தே நெய் வாங்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் இம்முறையை ஐயமற விளக்குகின்றன. கோயிற் காசை ஊர்ச் சபையார் கைக்கொண்டு, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பலிசை செலுத்தினர். இக்காலக் கணக்கில் அது நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் வேறு, வருவாய் வேறு என்ற இப்பாகுபாட்டையே இன்று முதுகலை வணிகவியல் மாணவர் அறக்கட்டளைக் கணக்கு என்று பயில்கின்றனர்.

கணக்குக் காட்டும் கடமையையும் நம் முன்னோர் கல்லிலேயே பொறித்தனர். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவர் ஆகார் என்று விதிக்கிறது. ஆனால் அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடையோரின் சபை. கணக்கு எழுதும் வித்தையோ, பிற்காலத்தில் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற குடும்பச் சொத்தாயிற்று. தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் பதவி 1980ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது.

இத்தாலியில் லூக்கா பசியோலி என்னும் துறவி 1494இல் வெனிசு நகரில் வெளியிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். வணிகர் கைப்பழக்கமாக இருந்த ஒன்று, அச்சேறியதும் எவரும் கற்கக்கூடிய பாடமாயிற்று. நம் நாட்டில் அவ்வாறு கதவு திறந்த வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. பச்சையப்பன் அறநிலையத்தார் 1886ஆம் ஆண்டிலேயே அங்கு வணிகப் பள்ளி தொடங்கினர். 1918இல் பம்பாயில் அரசாங்கக் கணக்கியல் பட்டயம் ஏற்பட்டது.

அக்கதவு எல்லாருக்கும் எளிதில் திறந்துவிடவில்லை. சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்ற ஆர். சிவபோகம் அம்மையார், விடுதலைப் போரில் ஈடுபட்டு ஓராண்டு சிறையிருந்தவர். 1933இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறிய முதல் இந்தியப் பெண்மணி அவரே. ஆயினும் சிறை சென்றோர் கணக்காளராகப் பதிவு பெறலாகாது என்னும் தடை அவர் முன் நின்றது. அம்மையார் அஞ்சவில்லை, நீதிமன்றம் சென்று வழக்காடி உரிமை பெற்றார். 1949இல் பட்டயக் கணக்காளர் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், 1955 முதல் 1958 வரை தென்னிந்திய வட்டாரக் குழுவின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். தேர்வில் வெல்வதோடு தடையையும் வெல்ல வேண்டியிருந்த அந்நிலையை, இன்று எம்.காம். சேரும் மாணவியர் அறிந்திருத்தல் நன்று.

இப்படிப்பால் ஆரணி போன்ற பட்டு நெசவு ஊருக்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். ஒரே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். கச்சாப் பட்டு நூலைச் சாயமிடுமுன் சோப்பு நீரில் காய்ச்சிப் பசை நீக்குவர். அப்போது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு எடை குறைந்துவிடும். நான்கு கிலோ வாங்கினால் மூன்று கிலோவே தறிக்கு வரும். அந்நான்கு கிலோவின் விலை முழுவதையும் இம்மூன்று கிலோவே தாங்க வேண்டும். இதனை மறந்து விலை வைத்தால் கூட்டுறவுச் சங்கம் நட்டப்படும். எடைக் குறைவை உள்ளதற்கு மேல் காட்டினாலோ, சங்கத்தின் ஆதாயம் ஏட்டில் சுருங்கி, உறுப்பினரான நெசவாளிக்குச் சேர வேண்டியது சேராது போகும். நம்மவர் சேதாரம் என்று வழங்குவதை அடக்கவிலைக் கணக்கியல் இயல்பு நட்டம் என்றும் அசாதாரண நட்டம் என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. முன்னது தொழிலின் இயற்கை; பின்னதற்கு யாரேனும் விடை சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கேட்க வல்லவர் நெசவாளர் குடும்பத்திலேயே ஒருவர் இருப்பாராயின், தறிமேடையில் உழைப்பவர் ஏட்டைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

பொருள் வசதியின்மை இதற்குத் தடையாகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஈராண்டு மேற்படிப்பு என்றால், தறியிலோ கடையிலோ உழைக்கும் ஒருவரின் ஈராண்டு வருவாயைக் குடும்பம் இழக்க நேரிடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி போன்ற ஏற்பாடுகள், உழைத்துக்கொண்டே பயில்வதற்கு வழி செய்தன. வேலூரில் 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அமைந்தது. ஆயினும் பட்டத்தை மட்டும் நாடிப் பயில்வோர் ஐந்தொகையின் இருபக்கமும் சரியாக நின்றதோடு அமைதியடைந்துவிடுவர். கூட்டுத்தொகை ஒத்திருப்பதால் மட்டும் கணக்கு உண்மையாகிவிடாது. ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் யாருடைய உழைப்பு, யாருடைய காசு என்று வினவுவதே முதுகலைக் கல்வியின் முதிர்ச்சி.

சாமுண்டப்பை தன் காசு எதற்கென்று கல்லில் வெட்டி வைத்தாள். அதனால் ஆயிரம் ஆண்டு கழிந்தும் நாம் அதனைக் கேட்டறிய முடிகிறது. தம்முடைய கணக்கை அவ்வாறே படித்தறியும் நிலை நெய்வோருக்கும் விற்போருக்கும் வாய்க்க வேண்டும். வணிகவியல் பயிலும் இளைஞர்கள் அப்பணியைத் தம் கடனாகக் கொள்வார்களாக.